திரையைப் பிடிப்பது பில்லோ அல்ல

பைதானில் திரையைப் படமெடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலோர் கைவைப்பது பில்லோ நூலகத்தின் இமேஜ்கிராப்பில்தான். இரண்டே வரியில் படம் வந்துவிடுகிறது. இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே அதைப் பற்றிச் சில தவறான நம்பிக்கைகளும் வேரூன்றிவிட்டன.

அதிகம் பேரை மாட்டவைப்பது இது: "கிராப்கிளிப்போர்டு என்று அழைத்தால் படம் வரும்." விண்டோஸில் செய்து பாருங்கள். உலாவியில் ஒரு படத்தை வலது கிளிக் செய்து காப்பி எடுத்துவிட்டு அழைத்தால் படம் வரும். அதே படத்தைச் சேமித்து, அந்தக் கோப்பை எக்ஸ்புளோரரில் கண்ட்ரோல்-சி அழுத்திக் காப்பி எடுத்துவிட்டு அழைத்தால் வருவது கோப்புப் பெயர்ப் பட்டியல். வெறும் எழுத்தைக் காப்பி எடுத்திருந்தால் 'நன்', அதாவது ஒன்றுமில்லை. வந்தது என்னவென்று பார்க்காமல் அடுத்த வரியில் 'சேவ்' எழுதியிருந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். வகையைச் சோதிக்கும் ஒரே ஒரு 'இஃப்' இதைத் தடுத்துவிடும்.

"எல்லாக் கணினியிலும் ஒன்றுபோல நடக்கும்" என்பதும் சரியல்ல. இமேஜ்கிராப் நெடுநாள் விண்டோஸுக்கு மட்டுமே இருந்தது. லினக்ஸின் எக்ஸ்11 திரைக்கு 2020இல் வெளிவந்த 7.1 பதிப்பில்தான் வழி பிறந்தது. மேக்கில் பில்லோ தானாக எதையும் பிடிப்பதில்லை. அங்குள்ள ஸ்கிரீன்கேப்சர் கட்டளையை ஓட்டி, அது எழுதிய தற்காலிகக் கோப்பைத் திறந்து தருகிறது. லினக்ஸ் கிளிப்போர்டுக்கு எக்ஸ்கிளிப்போ டபிள்யூஎல்-பேஸ்ட்டோ கணினியில் இருந்தாக வேண்டும்.

"முழுத்திரை என்றால் எல்லாத் திரையும்" என்று நம்பி இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். விண்டோஸில் 'ஆல்-ஸ்கிரீன்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்காதவரை முதன்மைத் திரை மட்டுமே வரும்.

கடைசியாக, "படம் கறுப்பாக வந்தால் நூலகத்தில் பிழை." இதை நான் அழுத்தமாக மறுக்கிறேன். தன் சாளரத்தைப் பிடிக்கவிடாதே என்று விண்டோஸிடம் ஒரு செயலி சொல்லிவைக்க முடியும். மேக்கில் 2019இல் வந்த காட்டலினா முதல், திரைப்பதிவு அனுமதி தராவிட்டால் மற்றச் செயலிகளின் சாளரங்கள் படத்தில் இருக்காது; பின்னணிப் படம்தான் மிஞ்சும். இது குறையல்ல, நமக்கான காவல். அதைத் தாண்டக் குறுக்குவழி தேடாதீர்கள்.

நீங்கள் பிடிக்கும் நொடியில் மூலையில் ஓர் ஓடிபி வந்து நின்றால் அதுவும் படத்தில் பதிவாகும். ஆகவே தேவையான பகுதியின் நான்கு எண்களை 'பிபாக்ஸ்'இல் கொடுத்து, அதை மட்டும் சேமியுங்கள்.