1300 சீசி என்ற மயக்கம்

"1300 சீசிதானே மாமா, விட்ஸ் மாதிரித்தானே பெற்றோல் குடிக்கும்?"

கல்லடியில் கேட்டார்கள், களுவாஞ்சிக்குடியில் கேட்டார்கள், போன கிழமை ஒரு பொடியன் கராஜுக்கே வந்து கேட்டான். வெளிநாட்டு மச்சான் காசு அனுப்புகிறாராம். பழைய மாஸ்டா ஆர்.எக்ஸ்.8 ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். வாகனப் புத்தகத்தில் 1308 சீசி என்று இருக்கிறதாம். அந்த ஓர் எண்ணை நம்பி அட்வான்ஸ் கொடுக்கப் போகிறான்.

இது பொய்க் கணக்கு. எத்தனை பேர் சொன்னாலும் பொய்க் கணக்குத்தான்.

அந்தக் காருக்குள் பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள் சுழல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 654 சீசி, கூட்டினால் 1308. எண் சரி, ஒப்பீடு பிழை. விட்ஸின் 996 சீசி என்ஜின் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கத் தண்டு இரண்டு முறை சுற்ற வேண்டும். ரோட்டரி என்ஜினுக்கு ஒரே சுற்றுப் போதும். ஆகவே ஒரு சுற்றுக்கு விட்ஸ் இழுப்பது 498 சீசி, இது இழுப்பது 1308. அக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் இரண்டரை மடங்குக்கும் மேலே. காற்று போனால் அதற்கேற்ற பெற்றோலும் போகும். 200 குதிரைவலுவுக்கு மேல் வேறு எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? ஜப்பான்காரனே வரி போடும்போது ரோட்டரியின் சீசியை ஒன்றரையால் பெருக்கித்தான் கணக்கெடுக்கிறான். செய்த நாட்டுக்கு இல்லாத மயக்கம் நமக்கு ஏன்?

அமெரிக்க அரசின் சோதனையில் இந்தக் காருக்குக் கிடைத்தது சராசரியாக லீற்றருக்கு 8 கிலோமீற்றருக்கும் குறைவு. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர். கோட்டாவில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்தார்களே, அந்த வரிசைகளை மறந்துவிட்டோமா? அந்த 20 லீற்றரோடு மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டால் ஹபரணை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் கார் நின்றுவிடும். அதுவும் 92 ஒக்டேன் அல்ல, விலை கூடிய 95 கேட்கிற என்ஜின் இது.

அன்றாடப் பாவனைதான் இதற்குப் பெரிய எதிரி. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, காரை முற்றத்திலிருந்து மர நிழலுக்கு நகர்த்தி, உடனே நிறுத்திப் பாருங்கள். பெற்றோல் தேங்கிப் பிளக் நனைந்து, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் நிற்கலாம். சந்தைக்கு இரண்டு நிமிட ஓட்டம், பள்ளிக்கூடத்துக்கு மூன்று நிமிட ஓட்டம் என்று வாழ்கிற வீட்டுக்கு இது சரிவருமா?

மற்றக் கதைகள் சின்னவை. "ஒயில் குடிக்குது, என்ஜின் போச்சு" என்பதும் பிழை. ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் தேயாமல் இருக்க அறைக்குள் கொஞ்சம் ஒயில் விடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். நீங்கள்தான் அடிக்கடி அளவு பார்த்து ஊற்ற வேண்டும். "விட்ஸுக்கு 95 அடித்தால் பாயும்" என்பது வீண் செலவு. ஒக்டேன் எண் தட்டலைத் தாங்கும் அளவே தவிர வலுவின் அளவு அல்ல. "நாலு கதவு இருக்கு, குடும்பக் கார்" என்கிறார்கள். பின்கதவைத் திறக்க முதலில் முன்கதவைத் திறக்க வேண்டும், பின் கண்ணாடி இறங்காது. சித்திரை வெயிலில் அம்மம்மாவை அதற்குள் ஏற்றிப் பாருங்கள்.

இந்த என்ஜினை நான் வெறுப்பவன் அல்ல. 1991இல் லு மான் 24 மணிப் போட்டியில் மாஸ்டா 787பி வென்றது ரோட்டரியால்தான். ஜப்பானிய நிறுவனமொன்று அங்கே முதன்முதலாக வென்றதும் அன்றுதான். அதன் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். ஆனால் கிழக்கில் அதிவேகப் பாதையே இல்லை. ஊருக்குள் 50, வெளியே 70 என்பதுதான் சட்டம். காத்தான்குடிப் பிரதான வீதியில் பின்னேரம் 30இல் போனாலே அதிகம். மார்கழி மழையில் வாவி பெருகிப் படுவான்கரைப் பாதைகள் தண்ணீருக்குள் கிடக்கும்போது, தரையை ஒட்டிய கார் எங்கே போகும்?

அப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்றால் கம்பிரஷன் பாராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சாதாரண கேஜ் போதாது. அது ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் கூடிய அளவை மட்டும் காட்டி ஏமாற்றும். மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரி கேஜ் வேண்டும். அது இல்லாத மக்கானிக் "என்ஜின் சுத்தம்" என்றால் நம்பாதீர்கள்.

நம் வீதிகளின் வேகத்தைப் பற்றி மேலே பேச்சு வந்ததால், கார் கதையை விட்டு இதையும் கேட்கிறேன். கல்லடியில் புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் 1924இன் பழைய பாலம் நிற்கிறது. அதன் இரு முனையிலிருந்தும் பள்ளிக்கூடங்கள் வரை சைக்கிளுக்கென்று ஒரு தனி ஓரம் கோடு போட்டு ஒதுக்க எவ்வளவு செலவாகும்? காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே மிதித்துப் போவதை நான் கராஜ் வாசலில் நின்று ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.