இரத்தத்தில் ஓர் அடையாளம்



"ஐயா, புற்றுநோயை ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே?" என்று மாதர் சங்கக் கூட்டங்களில் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சினைப்பைப் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் தேடுவோம்.

நம் சரீரத்தின் ஒவ்வொரு உயிரணுவும் ஆயிரக்கணக்கான புரதங்களைச் செய்கிறது. புற்றுநோய் அணுக்கள் சிலவற்றை மிகுதியாகச் செய்து இரத்தத்தில் விடும். 1981-இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் மருத்துவர் ராபர்ட் பாஸ்டும் அவருடைய குழுவினரும் அறிவித்த சி.ஏ. 125 என்னும் அடையாளம் அப்படிப்பட்டது. 35 அலகு வரை இயல்பு என்பார்கள்.

ஆனால் மாதவிடாய் நாட்களிலும், கர்ப்பகாலத்திலும், ஈரல் சுருக்க நோயிலும், நம் நாட்டில் அரிதல்லாத வயிற்றுக் காசநோயிலும் இது உயரக்கூடும். ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ளவர்களிலோ ஏறக்குறைய பாதிப்பேருக்கு உயர்வதே இல்லை!

அமெரிக்காவில் 78,216 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆண்டுதோறும் இந்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துவந்தார்கள். முடிவு 2011-இல் வெளியானது. பரிசோதித்த பிரிவில் இந்நோயால் இறந்தவர்கள் 118 பேர். மற்றப் பிரிவில் 100 பேர். உயிரிழப்பு குறையவில்லை. அதுமட்டுமா? நோய் இல்லாமலே சந்தேகத்துக்குள்ளானவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதில் 163 பேருக்குக் கடும் பின்விளைவு. சினைப்பைப் புற்றுநோய் இல்லாத தாய்மார் இவர்கள்.

ஒரு புரதம் போதாவிட்டால் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கலாமே? புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியைக் கொண்டு 2002-இல் அதையும் செய்தார்கள். லான்செட் இதழில் வந்த அந்த ஆய்வு 50 நோயாளிகளையும் தப்பாமல் கண்டுகொண்டது. நோயில்லாத 66 பேரில் 63 பேரைச் சரியாகச் சொன்னது. பலரும் பூரித்துப்போனார்கள். 2004-இல் ஹூஸ்டன் நகர எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லியும் தோழர்களும் அதே விவரங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். இரத்த மாதிரிகளைக் கையாண்ட விதமும் கருவி ஓடிய விதமுமே அந்த வித்தியாசத்தைத் தந்திருக்கக்கூடும் என்று காட்டினார்கள். கலியாண வீட்டில் இரண்டு அடுப்பில் வெந்த சோற்றை ருசித்துவிட்டு, அரிசியே வேறு என்று சொன்னதுபோலத்தான்!

இதனால் புரத ஆராய்ச்சி வீண் என்று எண்ணிவிட வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க் கட்டியில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்த்தே, 1998-இல் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் மருந்தைக் கொடுக்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு, மருந்து வேலை செய்கிறதா என்று அறிய சி.ஏ. 125 நல்ல துணை.

தொந்தரவு ஏதுமில்லாதவர்கள் "எதற்கும் இருக்கட்டும்" என்று இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதே எங்கள் எண்ணம். ஆனால் வயிற்று உப்புசம், சிறிது உண்டாலே வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போதல் ஆகியவை சில வாரங்களாய் விடாமல் இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் போங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால், அவர் கேட்காவிட்டாலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.