பேச்சா ஆயுதமா: மேடையேறும் முன் பின்லாந்தைப் படி

அன்புள்ள தம்பி,

உங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் "போரை முடிப்பது பேச்சா? ஆயுதமா?" என்று தலைப்பு கொடுத்திருப்பதாகவும், நீ பேச்சின் அணியில் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். உக்ரைனுக்கு ஆயுதம் போகப் போகத்தானே போர் நீள்கிறது, அதை நிறுத்தினால் இரு தரப்பும் மேசைக்கு வந்துவிடுமே, இதில் மறுக்க என்ன ஐயா இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். மறுக்க நிறைய இருக்கிறது. படையெடுத்து வந்தவனையும் வீட்டைப் பறிகொடுத்தவனையும் "இரு தரப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் பழக்கம் இப்போது படித்தவர்களிடமே பெருகிவிட்டது. அது உன் கடிதத்திலும் வந்தது எனக்கு வருத்தம்.

மேசைக்கு வருவார்கள் என்கிறாய். யாரோடு பேச வருவார்கள்? எதைப் பற்றிப் பேச? நீ அனுப்பிய குறிப்பில் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை.

பின்லாந்தை எடுத்துக்கொள். உன் வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே நடந்த குளிர்காலப் போர் என்றால், பனிக்குள் பதுங்கிச் சுட்ட சிமோ ஹேஹா ஒருவரைத்தான் தெரிகிறது. அந்தக் காணொளிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அதே மாதங்களில் ஸ்டாக்ஹோமில் நடந்ததைக் கவனி.

1939 அக்டோபரில் மாஸ்கோ, லெனின்கிராடின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, கரேலியப் பூசந்தியில் எல்லையைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னது. ஹாங்கோ முனையைக் குத்தகைக்குக் கேட்டது. பதிலுக்கு வேறிடத்தில் ஏறக்குறைய இரு மடங்கு நிலம் தருவதாகவும் சொன்னது. பாசிகிவி தலைமையில் பின்லாந்துத் தூதுக்குழு போய்ப் பேசியது. ஆகவே பேச முயலவில்லை என்று பின்லாந்தை யாரும் குறை சொல்ல முடியாது. பேச்சு முறிந்தது, நவம்பர் 30 அன்று ஹெல்சிங்கியில் குண்டு விழுந்தது. மறுநாளே எல்லையோர ஊரான டெரியோக்கியில், மாஸ்கோவில் வாழ்ந்துவந்த பின்லாந்துக் கம்யூனிஸ்ட் ஓட்டோ கூசினன் தலைமையில் ஓர் "அரசு" முளைத்தது. டிசம்பர் 2 அன்று ஸ்டாலின் அதனோடு உடன்படிக்கையே செய்துகொண்டார். சர்வதேச சங்கம் கேட்டபோது சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் என்ன பதில் சொன்னார் தெரியுமா? நாங்கள் பின்லாந்தோடு போரிடவே இல்லை, கூசினன் அரசோடு சமாதானமாகத்தான் இருக்கிறோம் என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில். ஹெல்சிங்கி அரசு பேசத் தயாராகவே இருந்தது. போர் தொடங்கிய மறுநாளே ரிஸ்டோ ரூட்டி தலைமையில் புதிய அமைச்சரவை அமைத்ததே பேச்சுக்கு வழி பிறக்கட்டும் என்றுதான். ஆனால் ஸ்டாலினின் கணக்கில் அப்படி ஓர் அரசே கிடையாது. இல்லாத ஒருவரோடு யார் பேசுவார்கள்? அன்றைக்கு நீ போய், ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள் என்று அவர்களுக்குப் புத்தி சொல்லியிருந்தால், பேச்சு கூசினனோடு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றுதான் பதில் வந்திருக்கும்.

அந்தக் கணக்கைத் திருத்தியவை டிசம்பரில் தோல்வாயார்வியிலும், ஜனவரித் தொடக்கத்தில் ராத்தே சாலையிலும் பின்லாந்துப் படை வென்ற சண்டைகள். ராத்தேயின் குறுகிய காட்டுச் சாலையில் வால்போல நீண்டு வந்த சோவியத் 44-ஆவது டிவிஷனைத் துண்டு துண்டாக வெட்டிச் சிதைத்தார்கள். அது விட்டுச்சென்ற பீரங்கிகளையும் டாங்கிகளையும் இழுத்துவந்து தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். அதே ஜனவரியில்தான் ஹெல்லா வுவோலியோக்கி என்ற நாடகாசிரியை, வெளியுறவு அமைச்சர் வைனோ டான்னரின் சம்மதத்தோடு ஸ்டாக்ஹோம் சென்று, சோவியத் தூதர் அலெக்சாந்த்ரா கொலொந்தாயைச் சந்தித்தார். மாதக் கடைசியில் மொலோடோவிடமிருந்து சுவீடன் வழியாகச் செய்தி வந்தது: ரூட்டி–டான்னர் அரசோடு உடன்பாடு காண்பதில் கொள்கையளவில் தடையில்லை. கூசினன் பெயர் அதன்பிறகு எடுபடவில்லை.

பக்கத்து நாடுகளையும் பார். எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றும் அதே 1939 இலையுதிர்காலத்தில் மாஸ்கோ கேட்டதைப் பேசியே கொடுத்தன. சோவியத் தளங்களை உள்ளே விட்டன. 1940 ஜூனில் மூன்றையும் செஞ்சேனை பிடித்தது, ஆகஸ்டில் மூன்றும் சோவியத் ஒன்றியத்தோடு சேர்க்கப்பட்டன. அவை பின்லாந்தைவிடச் சிறியவை, காடும் ஏரியும் அவ்வளவு துணையில்லை என்பதெல்லாம் சரி. ஆனாலும், உன் அணியில் யாராவது "பேசினால் போதும்" என்று முழங்கும்போது இந்த மூன்று பெயர்களும் உன் நினைவுக்கு வரவேண்டும்.

ஆயுத அணிக்காரர்கள் கைதட்ட வேண்டாம். அவர்களுக்கும் இந்தக் கதையில் பாடம் இருக்கிறது. பிப்ரவரியில் சோவியத் தளபதி திமோஷென்கோ சும்மா என்ற இடத்தில் அரணை உடைத்துவிட்டார். பின்லாந்துப் பீரங்கிகளுக்குக் குண்டு தட்டுப்பாடு. பிப்ரவரிக் கடைசியில் மாஸ்கோவின் நிபந்தனைகள் வந்தபோது, பிரான்ஸ் பிரதமர் தலாதியே 50,000 பேரையும் 100 குண்டுவீச்சு விமானங்களையும் அனுப்புவதாக வாக்களித்தார். இந்த வாக்கை நம்பி ஹெல்சிங்கி தயங்கிய ஒவ்வொரு நாளும் பூசந்தியில் பிள்ளைகள் செத்தார்கள். அந்தப் படை நார்விக்கில் இறங்கிச் சுவீடன் வழியாக வரவேண்டும். லண்டனுக்கும் பாரிசுக்கும் கண் வழியிலிருந்த சுவீடன் இரும்புத்தாதுச் சுரங்கங்கள்மேல். நார்வேயும் சுவீடனும் வழிவிட மறுத்தன. ஆயுதம் தருவேன் என்று சொல்கிறவனின் அவசரம் வேறு, அதைக் கையில் ஏந்தப்போகிறவனின் அவசரம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் ஆயுத அணியில் பேசக்கூடாது என்பேன்.

மார்ச் 9 அன்று பூசந்திப் படையின் தளபதி ஹைன்ரிக்ஸ், வீரர்கள் களைத்து ஓய்ந்துவிட்டார்கள் என்று அறிக்கை அனுப்பினார். அதோடு முடிவெடுத்தார்கள். மார்ச் 12 இரவு மாஸ்கோவில் கையெழுத்து. மறுநாள் காலை 11 மணிவரை பீரங்கிகள் ஓயவில்லை. விபூரி நகரத்தோடு கரேலியா போனது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைக்கு அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு வண்டியேறினார்கள். 37 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 25,000 பேர் செத்திருந்தார்கள். அக்டோபரில் கேட்டதைவிட அதிகமாகவே மாஸ்கோ எடுத்துக்கொண்டது. அப்படியானால் அக்டோபரிலேயே கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். விட்டுக்கொடுக்கச் சொன்னவர்களில், போரில் பின்லாந்துப் படையை நடத்திய மன்னர்ஹைமே ஒருவர். படையிடம் தளவாடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கொடுத்திருந்தால் பின்லாந்துக்கும் அந்த மூன்று நாடுகளின் கதிதான் என்பது என் முடிவு. அதை நிரூபிக்க வழியில்லை, ஆனால் கூசினன் ஒருவர் தயாராக இருந்தார் என்பதை வைத்துச் சொல்கிறேன். மார்ச்சில் கையெழுத்திட்ட பின்லாந்துக்குச் சொந்த நாடாளுமன்றம் இருந்தது, சொந்தப் படை இருந்தது.

இந்தக் கதையை நான் டான்னர் எழுதிய குளிர்காலப் போர் நூலில் படித்தேன். ஓர் அமைச்சர் தன் நாட்டுக்குக் கிடைத்த கேவலமான நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எதை விழுங்குவது எதைத் தள்ளுவது என்று சகாக்களோடு மல்லுக்கட்டுவதை இவ்வளவு அருகில் காட்டும் புத்தகத்தை நான் அதிகம் கண்டதில்லை. அதிலிருந்து ரூட்டியின் பின்கதைக்குப் போனேன். ஜெர்மனியின் பக்கம் நின்று பின்லாந்து மறுபடி போருக்குள் இறங்கியது பெரும் பிழை. அதை நான் மழுப்பமாட்டேன். 1944 ஜூனில் சோவியத் படை மீண்டும் விபூரியைப் பிடித்தபோது, டாங்கி எதிர்ப்பு ஆயுதமும் தானியமும் வேண்டுமானால் தனியாகச் சமாதானம் செய்யமாட்டோம் என்று எழுதித் தா என்றது பெர்லின். ரூட்டி, குடியரசுத் தலைவராகத் தன் சொந்தப் பெயரில் கடிதம் கொடுத்தார். ஆயுதம் வந்தது, தாலி–இஹன்தாலாவில் தாக்குதல் நின்றது. ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். அவருக்குப்பின் வந்த மன்னர்ஹைமை அந்தக் கடிதம் கட்டவில்லை. செப்டம்பர் 19 அன்று மாஸ்கோவில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. ரூட்டிக்குப் போருக்குப்பின் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆயுதம் எதற்காக, எந்த நாள்வரைக்கும் என்று தெரிந்து அதை வாங்கியவர் அவர்.

உக்ரைனுக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 25 அன்று புதின், உக்ரைன் ராணுவமே ஆட்சியைக் கையில் எடுத்துக்கொள்ளட்டும், உங்களோடு பேசி முடிப்பது எங்களுக்கு எளிது என்றார். கூசினன் உனக்கு ஞாபகம் வருகிறாரா? கீவ் விழவில்லை. மார்ச் 29 அன்று இஸ்தான்புல்லில், எந்த அரசைப் போகச் சொன்னாரோ அதே அரசின் ஆட்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பேச்சில் எழுந்து பின்னால் வெளியான வரைவுகளைப் படித்துப்பார். உக்ரைன் படையில் 85,000 பேருக்குமேல் கூடாது என்கிறது ரஷ்யா. 2,50,000 வேண்டும் என்கிறது உக்ரைன். டாங்கி 342 என்கிறார்கள் அவர்கள். 800 என்கிறார்கள் இவர்கள். நாளைக்கு மறுபடி தாக்கினால் உதவிக்கு வருவதாக உறுதி தரும் நாடுகள் எல்லாம், ரஷ்யா உட்பட, ஒப்புக்கொண்டால்தான் உதவலாம் என்றும் மாஸ்கோ கேட்டது. ஆக, நீ ஆயுதத்துக்கு மாற்று என்று நினைக்கும் அந்தப் பேச்சில் பேசப்பட்டதே ஆயுதம்தான்.

இது உனக்குப் புதிதாக இருக்கக்கூடாது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவைக்கு அவன் காட்டியது தன் படைக்கலக் கொட்டிலை. புறநானூற்றுப் பாடமாகப் படித்தாய். தேர்வு முடிந்ததும் மறந்தாய்.

ஆயுதம் மட்டும் முடித்துவைக்கும் என்றும் எழுதிக்கொள்ளாதே. 2023 கோடையில் லெப்பர்டு டாங்கிகளோடு உக்ரைன் நடத்திய எதிர்த்தாக்குதல் அசோவ் கடலை எட்டவில்லை. பேச்சால் வந்த 2015 மின்ஸ்க் உடன்பாடும் ஏழாண்டுகளில் கிழிந்தது. "ஆயுதத்தை நிறுத்து" என்று மேடையில் சொல்லத்தான் போகிறாய் என்றால், கையெழுத்தான அடுத்த நாள் எல்லையில் யார் நிற்பார்கள், எத்தனை பேர், யார் கொடுத்த துப்பாக்கியோடு என்பதையும் சேர்த்துச் சொல். அதைச் சொல்ல உன்னிடம் பதில் இருந்தால் நீ பேச்சின் அணியில் பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

டான்னர் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள். நேரம் இல்லையென்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் 12 வரையுள்ள பகுதியை மட்டுமாவது படி. பென்சிலால் கோடு போடாதே.

அன்புடன்,
உன் ஆசிரியன்