வலியும் பீடியும்



குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்த ஒருவரை மறுநாள் காலையில் வார்டில் சந்தித்தோம். இரவெல்லாம் தூக்கமில்லை. "இருமினால் உயிர் போகிறது ஐயா" என்றார். சற்று நேரம் பேசியபின், "தினம் இரண்டு கட்டு பீடி குடிப்பேன். டாக்டர் திட்டுவார் என்று சொல்லவில்லை" என்று மெதுவாகச் சொன்னார்.

இதை மறைப்பது ஏன் ஆபத்து? புகைப்பவர்களுக்கு அறுவைக்குப்பின் வலி பொதுவாக அதிகம். பழகிய நிகோடின் திடீரென்று நின்றால் படபடப்பும் தூக்கமின்மையும் சேர்ந்து வலியைக் கூட்டுகின்றன. அதற்காக மார்பின் போன்ற அபின் வகை மருந்தையே கூட்டிக்கொண்டு போனால், அது மூச்சின் வேகத்தைக் குறைக்கும், இருமலை அடக்கும். புகைப்பவரின் நுரையீரலிலோ ஏற்கெனவே சளி. அது வெளியேறாவிட்டால் நிமோனியா வரலாம். மலச்சிக்கலும் உண்டாகும், முக்கினால் தையல் வலிக்கும்.

உண்மை தெரிந்தால் மருத்துவர் வேறு வழிகளை முன்னதாகவே திட்டமிடுவார்.

1. பாராசிட்டமால்: வலி வந்தபின் அல்ல, மணி பார்த்துக் கொடுப்பது. பெரியவர்களுக்கும் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் ஆகாது.

2. ஐபுபுரோஃபென், டைக்லோஃபினாக் போன்றவை: வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இவை ஆகாது. புகைப்பவர்களுக்கு வயிற்றுப்புண் அதிகமாதலால் கேட்டறிந்தே கொடுப்பார்கள்.

3. புபிவக்கெய்ன் போன்ற மரத்துப்போகும் மருந்து: காயத்தருகிலோ நரம்பருகிலோ போட்டால் பல மணி நேரம் வலி தெரியாது.

4. தலையணை: காயத்தின்மேல் அழுத்திப் பிடித்து இருமினால் வலி குறையும், சளியும் வரும். மூச்சுப் பயிற்சியும் சீக்கிரம் எழுந்து நடப்பதும் இதனுடன் சேரும்.

5. நிகோடின் பட்டை: மருத்துவர் சொன்னால் தோலில் ஒட்டிக்கொள்ளலாம். பீடியைத் தேடும் தவிப்பு தணியும்.

அபின் வகை மருந்து தீயதல்ல. தேவையானபோது கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இவற்றோடு சேரும்போது குறைந்த அளவே போதும்.

அறுவைக்கு ஏறக்குறைய 4 வாரங்களுக்கு முன்பே புகையை விட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது. விட முடியாதவர்களும் மறைக்காமல் சொல்லட்டும்.

அந்தச் சகோதரர் அன்றே மருத்துவரிடம் சொன்னார். மருந்துகள் மாற்றி அமைக்கப்பட்டன. மறுநாள் தலையணையைப் பிடித்தபடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

நாங்களும் ஒரு பாடம் கற்றோம். முன்பெல்லாம் பீடி வாசனை வந்தால் உடனே புத்தி சொல்லத் தொடங்குவோம். அதனால்தானே நோயாளி வாய் திறக்கவில்லை? இப்போது முதலில் கேட்கிறோம், புத்தி பிறகு. உங்கள் வீட்டில் ஒருவர் அறுவைக்குப் போகும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள்.