கெட்டமின் சிகிச்சை: பக்கத்தில் ஆள் இருக்கட்டும்

பக்கத்து லயத்து அக்கா போனை நீட்டினார். கட்டாரில் வேலை செய்யும் மகன் அனுப்பிய வீடியோ. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் சாய்நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், கையில் சேலைன் ஏறுகிறது. கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது: ஒரே ஊசியில் மனக்கவலை பறந்துவிடுமாம்.

"சேர், இது நம்ம பக்கம் கெடைக்குமா? இடுப்பு வலிக்கும் போடுவாங்களாமே?"

இருபத்தைந்து வருஷமாகக் கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலையிலும் முதுகிலும் தாங்கியவர் அவர். இரண்டு வருஷமாக முகத்தில் சிரிப்பும் இல்லை. கேட்டதில் தப்பே இல்லை.

அந்த மருந்தின் பெயர் கெட்டமின். கலஹாவில் இருந்துகொண்டு இதில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று அன்று அக்காவிடம் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் டொக்டர் இல்லை, பென்ஷன் வாங்கும் வாத்தியார். அதனால் இதில் அளவு எதையும் தேடாதீர்கள்.

முதலில் செய்யக்கூடாதவை

புது மருந்து என்று மயங்காதீர்கள். கெட்டமினுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1962இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் கம்பனிக்காகக் கல்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். 1970இல் மயக்க மருந்தாக அனுமதி கிடைத்தது. வியட்நாம் போரில் காயம்பட்டவர்களுக்கும் போட்டார்கள். மற்ற மயக்க மருந்துகளைப்போல் மூச்சை அதிகம் அமுக்காது என்பதால் வசதி குறைந்த வைத்தியசாலைகளுக்கு அது பெரிய துணை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. மனச்சோர்வுக்கு உதவும் என்பதுதான் பிந்தி வந்த செய்தி. 2006இல் கார்லோஸ் சராத்தேயின் குழு அமெரிக்காவில் பதினெட்டே பேரை வைத்துச் செய்த ஆய்வில், 71 வீதத்தினர் மறுநாளே கணிசமாகத் தெளிந்தார்கள். மாதக்கணக்காக மாத்திரை விழுங்கியும் அசையாத நோய் ஒரே இரவில் அசைந்தது உண்மையிலேயே அதிசயம்தான். ஆனால் ஒரு வாரம் கழித்தும் அந்தத் தெளிவு நின்றது 35 வீதத்தினருக்கு மட்டும். வீடியோக்காரர்கள் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே "ஒரே ஊசி" என்ற பேச்சை நம்பாதீர்கள். கெட்டமினின் உறவான எஸ்கெட்டமின் என்ற மூக்குத் தெளிப்பு 2019 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் முறையைப் பாருங்கள்: முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு தடவை, அடுத்த நான்கு வாரம் வாரம் ஒரு தடவை, அதற்குப் பிறகும் தொடரும். ஒவ்வொரு தடவையும் மருந்தெடுத்த பின் குறைந்தது இரண்டு மணிநேரம் அங்கேயே கண்காணிப்பில் இருக்கவேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவருக்கு முதல் மாதத்திலேயே எட்டு நாள் பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். கூடப் போகிறவருக்கும் எட்டு நாள். பிரித்தானியாவில் பொதுச் சுகாதார சேவைக்கு எது தகும் என்று பார்க்கும் நிறுவனம் 2022இல் இந்தத் தெளிப்பைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. நல்ல மருந்து, அதே நேரம் பாரமான மருந்து.

வைத்தியசாலைக்கு வெளியே யார் தந்தாலும் தொடாதீர்கள். தெரிந்தவர், ஃபார்மசிக்காரர், வெளிநாட்டுப் பார்சல், இன்டர்நெட் என்று எந்த வழியும் வேண்டாம். மத்தியூ பெரி என்ற அமெரிக்க நடிகரை நினைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்காக முறையாகக் கெட்டமின் சிகிச்சை எடுத்தவர்தான். அது போதாமல் வேறு வழியில் வாங்கி, வீட்டிலேயே உதவியாளர் கையால் போட்டுக்கொண்டார். 2023 ஒக்டோபர் 28ஆம் திகதி வீட்டு வெந்நீர்த் தொட்டியில் 54 வயதில் இறந்துகிடந்தார். கடைசியாக முறைப்படி எடுத்த ஊசிக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது, இரத்தத்திலோ ஒப்பரேஷன் மயக்கத்துக்குப் போடும் அளவுக்கு மருந்து. 2024 ஓகஸ்டில் ஐந்து பேர்மீது வழக்கு விழுந்தது. அதில் இருவர் டொக்டர்கள். கோடி கோடியாகப் பணம் இருந்த மனிதரிடம் அந்த நேரம் இல்லாமல் போனது என்ன? பிரஷர் பார்க்கத் தெரிந்த ஒருவர், மூச்சு நின்றால் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த ஒருவர். நம்முடைய இலவச வார்ட்டில் அந்த இருவரும் இருக்கிறார்கள்.

கலஹா ஆஸ்பத்திரியிலோ தோட்டத்து டிஸ்பென்சரியிலோ போய் "கெட்டமின் போடுங்க" என்று கேட்காதீர்கள். மனச்சோர்வுக்கு இதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது மனநல நிபுணரும் மயக்கமருந்து நிபுணரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு. மருந்தின் பெயரை விட்டுவிட்டு நோயைச் சொல்லுங்கள். எத்தனை மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா. அங்கிருந்து பேராதனைக்கோ கண்டிக்கோ கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை இந்த வீடியோவை நம்பி நிறுத்தாதீர்கள். இதை இரண்டு தடவை எழுத வேண்டும்போல் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

பழைய மருந்தை முழுசாக எடுத்துப் பாருங்கள். கெட்டமின் பற்றிய பேச்சே வழக்கமாக எங்கே தொடங்குகிறது தெரியுமா? இரண்டு வகை மனச்சோர்வு மருந்துகளைச் சரியான அளவில், போதிய வாரங்கள் எடுத்தும் பலன் இல்லை என்ற இடத்தில்தான். நம் பக்கத்தில் நடப்பது வேறு. முதல் வாரம் வாய் காயும், குமட்டும், தலை சுற்றும். இரண்டாம் வாரம் மாத்திரைப் பெட்டி சாமிப்படத்துக்குப் பின்னால் போய்விடும். மூன்றாம் வாரம், "அந்த மருந்து எனக்குப் புடிக்கல." ஆனால் அந்த மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதே பெரும்பாலும் அப்போதுதான். நான்கிலிருந்து ஆறு வாரமாவது பொறுக்கவேண்டும். நான் பார்த்த மட்டில், "எந்த மருந்தும் கேட்கல" என்று சொன்னவர்களில் பாதிப்பேர் எந்த மருந்தையும் முடித்ததில்லை.

இரத்தம் சோதியுங்கள். தோட்டத்துப் பெண்களின் சோர்வில் எவ்வளவு இரத்தச்சோகை, எவ்வளவு தைரொயிட், எவ்வளவு மனச்சோர்வு என்று முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது.

வலியைச் சரியாக விவரியுங்கள். "ஒடம்பெல்லாம் வலி" என்றால் பரசிட்டமோல்தான் கிடைக்கும். எங்கே, எப்போதிருந்து, எரிச்சலா குத்தலா, மின்சாரம் அடித்ததுபோலா என்று சொல்லவேண்டும். காரணம் இருக்கிறது. அக்காவைப்போல் கூடை சுமந்து வந்த இடுப்பு வலிக்குக் கெட்டமின் உதவும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வேறொரு வலி உண்டு. மழைநாளில் மலைச்சரிவில் சறுக்கிக் கை முறிகிறது. எலும்பு பொருந்தியபின்னும் மாதக்கணக்கில் அந்தக் கை வீங்கி, நிறம் மாறி, துணி பட்டாலே நெருப்பாய் எரிகிறது. நரம்பு சம்பந்தமான இந்தச் சிக்கல் வலிக்குத்தான் ஓரளவு சான்று இருக்கிறது. அமெரிக்க வலி நிபுணர்களும் மயக்கமருந்து நிபுணர்களும் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேலைன் வழியே கெட்டமின் கொடுத்தால் இத்தகைய வலி பன்னிரண்டு வாரம் வரை தணியலாம். மனச்சோர்வுக்குக் கொடுப்பதுபோல் முக்கால் மணிநேரத்தில் முடிகிற காரியமல்ல அது. நாள்கணக்காக, மணிக்கணக்காக ஏற்றுவார்கள். இடுப்பு வலிக்கு அக்காவுக்கு உதவப்போவது பெரும்பாலும் பிசியோதெரபியும், கூடையின் பாரத்தைக் குறைப்பதும்தான். பாரத்தைக் குறைக்கும் அதிகாரம் வைத்தியசாலையில் இல்லை என்பது தனிக் கதை.

மறைக்காமல் சொல்லுங்கள். பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லை, இதயநோய், மூளை இரத்தக்குழாயில் வீக்கம், காதில் குரல் கேட்ட அனுபவம், வயிற்றில் பிள்ளை: இவற்றில் ஒன்று இருந்தாலும் டொக்டர் தெரிந்துகொள்ளவேண்டும். கெட்டமின் பிரஷரைக் கொஞ்சநேரம் ஏற்றிவிடும். சித்தம் கலங்கும் நோய் உள்ளவர்களுக்கு அதைக் கூட்டிவிடக்கூடும். கசிப்போ சாராயமோ குடிப்பதையும் சொல்லுங்கள். வலிக்கென்று கடையில் உதிரியாக வாங்கும் பிரகபலின் கேப்சியூல், தூக்கமாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்த ஒன்று மூச்சு நிற்பதில் போய் முடியலாம்.

மின்அதிர்வுச் சிகிச்சை என்று டொக்டர் சொன்னால் ஓடாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். சினிமா காட்டிய கொடுமை வேறு. இன்று மயக்கம் கொடுத்துச் செய்கிறார்கள். 2023இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வொன்று, சித்தக்கலக்கம் இல்லாத கடும் மனச்சோர்வில் கெட்டமின் அதற்குக் குறைந்ததல்ல என்று கண்டது. அதற்காக, மின்அதிர்வு பழசு, தூக்கிப்போடு என்று அர்த்தமில்லை.

மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டுவிட்டே தொடங்குங்கள். 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது நமக்கு மறக்காது. திரும்பத் திரும்ப எடுக்கவேண்டிய சிகிச்சையில் நடுவழியில் நிற்பது நோயாளியை இன்னும் உடைக்கும்.

தமிழில் விளங்கிக்கொண்டு கையெழுத்து வையுங்கள். 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்கச் சொல்வது சலுகை கேட்பதாகாது. ஆனால் ஒன்று: நோயாளியின் சொந்தப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். "எனக்குச் சாகணும்போல இருக்கு" என்று அம்மா சொல்வதை பன்னிரண்டு வயது மகள் சிங்களத்தில் சொல்லவேண்டிய நிலைமை வரக்கூடாது. தமிழ் தெரிந்த மிஸ்ஸி யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள்.

சிகிச்சை நாளில்

எப்போதிலிருந்து சாப்பிடக்கூடாது என்று அவர்கள் சொல்லும் நேரத்தைத் தவறாமல் பிடியுங்கள், குமட்டல் வரும். கூட ஒரு பெரியவர் கட்டாயம். மருந்து ஏறும்போது உடம்பு மிதப்பதுபோல், தன்னைத் தானே தள்ளிநின்று பார்ப்பதுபோல், நேரம் நின்றுவிட்டதுபோல் இருக்கும். சிலருக்கு இனிமை, சிலருக்குப் பயம். பெரும்பாலும் ஓரிரு மணிநேரத்தில் தெளிந்துவிடும். அந்த நேரத்தில் சொன்னதை அருள்வாக்கு ஆக்காதீர்கள். மாரியம்மன் இறங்கிவிட்டாள் என்று கைகூப்பவும் வேண்டாம், பேய் என்று வேப்பிலை எடுக்கவும் வேண்டாம். வாயிலிருந்து விழுந்த குடும்ப ரகசியத்தை லயம் முழுக்கப் பரப்பவும் வேண்டாம்.

அன்று மோட்டார் சைக்கிள், ஓட்டோ எதையும் ஓட்டக்கூடாது. இரவு நன்றாகத் தூங்கி எழுந்தபின், மறுநாள்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே நேராகப் போகும் கலஹா வீதி, மலை ஏறத் தொடங்கியதும் எப்படி வளைகிறது என்பது நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மருந்து எடுத்தவர் அன்று கத்தியைத் தொடவேண்டாம், மலைக்காட்டுக்குப் போகவும் வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக் கொடுத்துக் கூட்டிவாருங்கள்.

அடிக்கடி சிறுநீர் கழிக்க வருகிறது, எரிகிறது, இரத்தம் தெரிகிறது என்றால் உடனே சொல்லுங்கள். கெட்டமினைப் போதையாக நாளாந்தம் எடுப்பவர்களின் சிறுநீர்ப்பை சுருங்கிப்போவது உலகம் கண்ட விஷயம். வைத்திய அளவில் அந்த ஆபத்து குறைவு. இருந்தாலும் கவனிக்கத்தான் வேண்டும்.

வீட்டாருக்கு

"கோயிலுக்குப் போனா சரியாகும்", "சும்மா நடிக்கிறா" என்ற இரண்டையும் சொல்லாதீர்கள். கோயிலுக்குப் போகலாம், கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

களைகொல்லி, பூச்சிமருந்து எதையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். 1995ஐ ஒட்டிய காலத்தில் இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் அளவில் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அந்த எண் பெரிதும் இறங்கியது. எந்தப் புது மருந்தும் செய்யாததை, போத்தல் கைக்கெட்டாமல் போனது செய்தது. நம் வீட்டு அளவிலும் அதைச் செய்யலாம்.

சாகவேண்டும் என்று ஒருவர் வாயால் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அக்கா போன மாதம் பேராதனைக்குப் போய்வந்தார். இரத்தச்சோகை இருக்கிறதாம், மனச்சோர்வும் இருக்கிறதாம். கெட்டமின் பேச்சே வரவில்லை. ஒரு சாதாரண மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். இன்றோடு ஐந்தாவது வாரம், இன்னும் நிறுத்தவில்லை.