கேன் பஸ் பிடித்து லினக்ஸ் கெர்னலுக்குள்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோக்காரருக்குக் கேன் பஸ் புதிதல்ல. வண்டியில் பேட்டரியும் மோட்டார் கன்ட்ரோலரும் டேஷ்போர்டும் பேசிக்கொள்வது அதன் இரண்டு கம்பிகளில்தான். கெர்னல் பழக நினைப்பவர்கள் பலர் மெமரி, ஷெட்யூலர் என்று ஆழமான இடத்தில் குதித்துத் திணறிப்போகிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் தெரிந்த துறையில் இறங்கலாம். லினக்ஸ் கெர்னலில் கேன் பஸ்ஸுக்கென்றே சாக்கெட்கேன் என்ற பகுதி உண்டு. ஃபோக்ஸ்வாகன் ஆராய்ச்சிப் பிரிவு கொடுத்தது, 2008இல் 2.6.25 பதிப்பில் சேர்ந்தது.

முதலில் சி மொழி. பாயின்டர், ஸ்ட்ரக்சர், ஃபங்ஷன் பாயின்டர் மூன்றிலும் கை தயங்கக் கூடாது. கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய புத்தகத்தின் பயிற்சிகளை ஒன்றுவிடாமல் போடுங்கள். பிறகு லினக்ஸ் ஃபவுண்டேஷன் இலவசமாகத் தரும் எல்எஃப்டி103 பாடம். ‘லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்’ மூன்றாம் பதிப்பும் இலவசம்தான். ஆனால் அது 2005இல் வந்தது; அதிலுள்ள நிரல் பலவும் இன்று கம்பைல் ஆகாது. கருத்தை அதில் படித்துவிட்டு, நிரலை இன்றைய கெர்னலில் பாருங்கள்.

சோதனையை அன்றாடம் புழங்கும் லேப்டாப்பில் நேராகச் செய்யாதீர்கள். கெர்னலில் ஒரு பிழை மொத்த சிஸ்டத்தையும் சாய்த்துவிடும். க்யூஎமு போன்ற மெய்நிகர் இயந்திரத்தில் லினக்ஸ் ஏற்றி, அதற்குள் வேலை செய்யுங்கள். ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கொடுத்தால் அப்போது ஏற்றியிருக்கும் மாட்யூல்கள் மட்டுமே கம்பைல் ஆகும், நேரம் மிச்சம். அதற்கு முன், நாம் சோதிக்கப்போகும் வீகேன் மாட்யூலை ஏற்ற ‘மாட்ப்ரோப் வீகேன்’ கொடுக்க மறந்தால், அந்த மாட்யூலே விட்டுப்போகும்.

வீகேன் என்பது மெய்நிகர் கேன் இணைப்பு. ஹார்டுவேர் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு டெர்மினலில் ‘கேன்டம்ப்’ ஓடவிட்டு, இன்னொன்றில் ‘கேன்சென்ட்’ கொண்டு ஒரு ஃப்ரேம் அனுப்புங்கள். இப்போது வீகேனின் மூலக்கோப்பைத் திறங்கள். சின்னக் கோப்பு, ஒரே மாலையில் படித்துவிடலாம். ஃப்ரேமை அனுப்பும் ஃபங்ஷனில், அனுப்பிய பாக்கெட் எண்ணிக்கை ஒன்று கூடும் வரி இருக்கும். அதன் கீழே செய்தி அச்சிடும் ஒரு ‘பிஆர்_இன்ஃபோ’ போட்டு, மாட்யூலை மறுபடி கட்டி ஏற்றி, கெர்னல் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ பாருங்கள். அனுப்பிய ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உங்கள் வரி வந்து நிற்கும்.

இனிமேல்தான் முக்கியமான பாடம்: எழுதிய மாற்றத்தை, அதாவது பேட்ச்சை, கெர்னலுக்கு அனுப்புவது. நல்ல நிரல் எழுதத் தெரிந்தவர்கள்கூட இங்கே இடறுகிறார்கள். பேட்ச்சைப் பார்த்து ஏற்கும் மெயின்டெய்னரின் நேரம்தான் கெர்னல் உலகில் மிக அரிதான பொருள். மரியாதை என்பது அதை வீணாக்காமல் இருப்பது. முதல் பேட்ச்சுக்கு ‘ஸ்டேஜிங்’ டிரைவர்கள் பகுதி நல்ல இடம். வெறும் இடைவெளி திருத்தங்களை மற்ற பகுதிகளுக்கு அனுப்பினால் பலருக்குப் பிடிக்காது. ஒரு பேட்ச்சில் ஒரே மாற்றம். விளக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். ‘செக்பேட்ச்’ ஓட்டுங்கள், யாருக்கு அனுப்புவது என்று ‘கெட் மெயின்டெய்னர்’ சொல்லும். ஜிமெயில் வலைப்பக்கத்திலிருந்து அனுப்பினால் டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறி பேட்ச் கெட்டுவிடும், ‘கிட் சென்ட்-இமெயில்’ பயன்படுத்துங்கள்.

மடலில் ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம், பெயர் சொல்லி அழைப்பதே அங்கே வழக்கம். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் கன்னடமும் பேசி வளர்ந்தவர்கள் ஆங்கிலத்துக்காகக் கூச வேண்டியதில்லை. சின்னச் சின்ன வாக்கியம் போதும். பதில் எழுதும்போது மெயின்டெய்னர் கேட்டிருக்கும் வரிக்குக் கீழேயே எழுதுங்கள், தேவையற்றதை வெட்டிவிடுங்கள். விமர்சனம் சுருக்கென்று இருக்கலாம், அது நிரலைப் பற்றியது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். உடன்பாடு இல்லையென்றால் காரணத்தோடு மறுங்கள். திருத்தி அனுப்பும்போது தலைப்பில் ‘வி2’ சேர்த்து, என்ன மாறியது என்பதை பேட்ச்சிலுள்ள மூன்று கோடுகளுக்குக் (---) கீழே குறியுங்கள். பதில் வரவில்லையென்றால் குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். புதிய பதிப்புக்கான இரண்டு வார மெர்ஜ் விண்டோ நடந்தால் இன்னும் தாமதமாகும்.

கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. பேட்ச்சின் அடியில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று பெயர் போடும்போது, அந்த நிரலைத் தர உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று உறுதி கொடுக்கிறீர்கள். ஷிஃப்ட் நேரத்தில் எழுதியதோ, கம்பெனி போர்டை வைத்துக் கண்டுபிடித்ததோ அவர்களுடையதாக இருக்கலாம். மேலாளரிடம் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே அனுப்புங்கள்.