பாடம் 9: நமக்கு மருந்து, நாய்க்கு நஞ்சு!

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? நண்பர் வீட்டு நாயோடு விளையாடுவீர்களா? நாய்க்கு வயிறு வலித்தால், அது வாய் திறந்து சொல்லாது. நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்குச் சளி பிடித்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்பார்கள். பாலில் மஞ்சள் கலந்து தருவார்கள். இதை வீட்டு வைத்தியம் என்கிறோம். இவை எல்லாம் இயற்கையான பொருள்கள். அப்படியானால் நாய்க்கும் கொடுக்கலாமா? கயலும் அவள் பாட்டியும் பேசுவதைப் படியுங்கள்.

பாட்டி: மணி ஏன் சோர்வா படுத்திருக்கான்? கொஞ்சம் பூண்டு ரசஞ்சோறு பிசைஞ்சு வைக்கட்டுமா?
கயல்: ஐயோ, குடுக்காதீங்க பாட்டி! நாய்க்குப் பூண்டு ஆகாது.
பாட்டி: என்ன கண்ணு சொல்ற? பூண்டு உடம்புக்கு நல்லதாச்சே!
கயல்: நமக்கு நல்லது பாட்டி. மணிக்கு அது விஷம் மாதிரி. ஊசி போடப் போனப்ப டாக்டர் சொன்னாங்க.
பாட்டி: ஊர்ல எங்க நாய் மீதிக் குழம்புச்சோறுதானே சாப்பிட்டுச்சு?
கயல்: சாப்பிட்ட உடனே ஒண்ணும் தெரியாதாம். சில நாள் கழிச்சுத்தான் உடம்பு கெடுமாம்.
பாட்டி: அப்படியா! சரி, வெறும் சோறு போடலாமா?
கயல்: போடலாம். எலும்பு இல்லாத கோழிய வேகவச்சுக் கலந்து குடுக்கலாம். உப்பு, மசாலா எதுவும் வேணாம்.

கயல் சொன்னது சரி. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை உடைக்கும். பச்சையாக இருந்தாலும் வேகவைத்தாலும் பொடியாக இருந்தாலும் கெடுதல்தான். சாம்பார், குழம்பு, பிரியாணி ஆகியவற்றில் பெரும்பாலும் வெங்காயம் இருக்கும். அதனால் அவை நாய்க்கு வேண்டாம்.

பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சாக்லேட்டும் நஞ்சு. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம். அதுவும் நாய்க்கு மிகவும் ஆபத்து. சமைத்த எலும்பு கூர்மையாக உடைந்து வயிற்றைக் குத்தும்.

ஏன் இப்படி? நாயின் உடல் வேறு, நம் உடல் வேறு. நம் உடலின் வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. நலமாக உள்ள நாய்க்கு அது 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். நமக்கு 39 டிகிரி என்றால் காய்ச்சல்!

அப்படியானால் நாயை இயற்கையான முறையில் கவனிக்கவே முடியாதா? முடியும்! அதற்கு ரசம் வேண்டாம், நீங்கள்தான் வேண்டும்.

1. தண்ணீர்: நாளும் கிண்ணத்தைக் கழுவிப் புதிய தண்ணீர் வையுங்கள்.
2. நடை: தினமும் பெரியவரோடு சேர்ந்து நடக்க அழைத்துச் செல்லுங்கள். நாய் நின்று மோப்பம் பிடித்தால் இழுக்காதீர்கள். மூக்கால்தான் அது உலகத்தைப் படிக்கிறது.
3. பாதம்: வெயில் நாளில் உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை சுட்டால் நாயின் பாதமும் சுடும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். வீட்டுக்கு வந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்துவிடுங்கள்.
4. தடவிப் பார்த்தல்: வாரம் ஒரு முறை முடியைச் சீவிவிடுங்கள். காது, வயிறு, விரல் இடுக்கு எல்லாம் மெதுவாகத் தடவுங்கள். உண்ணியோ கட்டியோ இருந்தால் பெரியவரிடம் சொல்லுங்கள்.
5. தின்பண்டம்: பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சின்னக் கேரட் துண்டு கொடுக்கலாம்.

நாய் பல முறை வாந்தி எடுத்தாலோ, ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தாலோ, அதன் ஈறு வெளுத்துப் போனாலோ வீட்டு வைத்தியம் போதாது. கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நம் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. திராட்சையோ சாக்லேட்டோ தின்றுவிட்டால், "பொறுத்துப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே பெரியவரிடம் சொல்லுங்கள். "திட்டுவாங்களோ" என்று பயந்து மறைக்காதீர்கள். நீங்கள் சீக்கிரம் சொன்னால் நாயைக் காப்பாற்றலாம்.

புதிய சொற்கள்
நஞ்சு – விஷம்
ஈறு – பல்லைச் சுற்றியுள்ள சதை
உண்ணி – தோலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் சிறிய உயிர்
மோப்பம் – மூக்கால் மணம் அறிதல்

பயிற்சி
அ. நாய்க்குக் கொடுக்கலாமா, கூடாதா? பிரித்து எழுதுக: கேரட், பாயசம், வெறும் சோறு, சாம்பார் சாதம், சாக்லேட்.
ஆ. எழுத்துத் தமிழில் மாற்றுக. (எடுத்துக்காட்டு: குடுக்காதீங்க – கொடுக்காதீர்கள்)
சாப்பிட்டுச்சு, ஒண்ணும் தெரியாதாம், வேணாம்.
இ. இன்று உங்கள் வீட்டில் சமைத்த உணவில் என்னென்ன போட்டார்கள் என்று கேளுங்கள். அதில் நாய்க்கு ஆகாதவை எவை? பட்டியல் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.